தொட்டுப் பார்த்தும் அம்மாவின் கால் வெந்தது ஏன்?

பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ள உங்கள் அம்மா, கீசர் சுடுதண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் காலை வைத்தும் கால் வெந்து கொப்புளம் வந்துவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பெரும்பாலும் சர்க்கரைதான் காரணம். பல வருடச் சர்க்கரையில் பாதம் மட்டுமல்ல, விரல் நுனியும் மரத்துப்போகலாம். சுடுகிறது என்று தெரியாததால் காலை எடுக்கவும் தோன்றாது. 60 டிகிரித் தண்ணீர் என்றால் சில விநாடிகளே போதும்.

கீசர் தண்ணீரைச் சமையல் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். காய்ச்சல் பார்ப்பது 42 டிகிரியோடு நின்றுவிடும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் சுடுதண்ணீர். 38 டிகிரி போதும். அம்மா தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். நீங்களோ வேறு யாராவதோ முழங்கை வைத்துப் பாருங்கள்.

கொப்புளம் சிறியதுதான் என்கிறீர்கள். வலிக்கவில்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரைக்காரர் காலில் புண் சீக்கிரம் சீழ் பிடிக்கும். உடைக்காமல், பற்பசை தடவாமல், தயவுசெய்து இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.