வால்டர் ஸ்காட்டின் கடன்: கடிதமும் பதிலும்

வணக்கம். ஸ்காட்லாந்து நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் அபட்ஸ்ஃபோர்டு மாளிகையைக் கட்டியே திவாலானார், கடனை அடைக்க எழுதி எழுதியே செத்தார் என்று படித்தேன். உண்மையா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாளிகைக்குப் பணம் தண்ணீராய்ப் போனது உண்மைதான். ஆனால் அவரைக் கவிழ்த்தது உண்டியல், அதாவது குறித்த நாளில் பணம் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு. ஜேம்ஸ் பாலன்டைனின் அச்சகத்தில் ஸ்காட் வெளியே தெரியாத பங்காளி. பதிப்பாளர் கான்ஸ்டபிள், இன்னும் எழுதாத நாவலுக்குக்கூட, இத்தனை மாதத்தில் பணம் தருவதாக உண்டியல் எழுதிக் கொடுப்பார். வங்கி வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியை அச்சகத்துக்குத் தரும். ஈடாக அச்சகமும் அதே தொகைக்கு எதிர் உண்டியல் ஒன்றைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்துவைக்கும். அது பெட்டியிலேயே கிடந்திருக்க வேண்டும். பணமுடை வந்ததும் அதையும் கான்ஸ்டபிள் காசாக்கிவிட்டார். ஒரு கடனுக்கு இரண்டு முறை பதில் சொல்லவேண்டிய நிலை. 1826 ஜனவரியில் கான்ஸ்டபிளின் லண்டன் முகவரான ஹர்ஸ்ட் ராபின்சன் நிறுவனம் விழ, கான்ஸ்டபிளும் பாலன்டைனும் கூடவே விழுந்தார்கள். பங்காளியின் பொறுப்புக்கு அன்று வரம்பு கிடையாது. ஸ்காட் தலையில் ஏறக்குறைய 1,20,000 பவுன்.

அவர் திவால் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கையிலிருப்பதை ஒப்படைத்துவிட்டு, அடுத்த நாவலின் வருமானத்தைத் தனக்கே வைத்துக்கொண்டிருக்கலாம். பதிலாக, இனி எழுதப்போவதையும் கடன் கொடுத்தவர்களுக்காக அமர்த்திய அறங்காவலர்களிடம் எழுதிக் கொடுத்தார். மாளிகையை முந்தைய ஆண்டே மகன் திருமணத்தின்போது அவன் பெயருக்கு எழுதியிருந்ததால், அதில் வாடகையின்றி இருக்க முடிந்தது. சாப்பாட்டுக்கு ஆண்டுதோறும் நீதிமன்ற எழுத்தர் பதவியின் 1,300 பவுனும் ஷெரீஃப் பதவியின் 300 பவுனும்.

'உட்ஸ்டாக்' நாவல், ஒன்பது தொகுதி நெப்போலியன் வரலாறு எல்லாம் சேர்ந்து இரண்டே ஆண்டில் கடன் கொடுத்தவர்களுக்கு ஏறக்குறைய 40,000 பவுன் போயிற்று. ஆனாலும் பெரிய உதவி பழைய நாவல்கள்தான் என்பேன். 1827 இறுதியில் அவற்றின் பதிப்புரிமை 8,500 பவுனுக்கு ஏலத்தில் மீட்கப்பட்டது. பாதிப் பங்கு பதிப்பாளர் கேடலுக்கு. புது முன்னுரை, குறிப்புகளோடு 1829 முதல் மாதம் ஒரு தொகுதி, விலை 5 ஷில்லிங். அதுவரை அவருடைய மூன்று தொகுதி நாவல் ஒன்றின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ்! நடுத்தர வீடுகளுக்குள் ஸ்காட் நுழைந்தது இந்தப் பதிப்பில்தான்.

எழுதியே செத்தார் என்பதில் பாதி உண்மை. 1830இல் பக்கவாதம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. 1831இல் வந்த கடைசி இரண்டு நாவல்களில் அந்தத் தளர்ச்சி தெரிகிறது. படிக்கவே மனம் வலிக்கும். 1832 செப்டம்பரில் இறந்தபோதும் கடன் மிச்சமிருந்தது. 22,000 பவுன் ஆயுள் காப்பீடும், பதிப்புரிமையை ஈடாகக்கொண்டு கேடல் கொடுத்த பணமும் அதை முடித்தன.

அவருடைய நாட்குறிப்பைப் படியுங்கள். 1825 நவம்பரில், வீழ்ச்சிக்கு இரண்டு மாதம் முன்புதான் எழுதத் தொடங்கினார். என்ன வரப்போகிறது என்று தெரியாமல் எழுதிய முதல் பக்கங்களிலிருந்தே தொடங்குங்கள்.