பனிக்கடலின் தரையில் ஊர்பவை

கேள்வி: அண்டார்க்டிகாவின் பனிக்கு அடியில், கடல்தரையில் இறால் போன்ற உயிர்கள் ஊர்வதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். உறைநிலைக்கும் கீழான நீரில் அவற்றின் உடல் உறைந்துபோகாதா? நம் பக்கத்து இனங்களைவிட அவை பெரியனவாமே, உண்மையா? (ஒரு வாசகி, தூத்துக்குடி)

பதில்: தாங்கள் பார்த்தவை பெரும்பாலும் ஆம்பிபாடுகளாக இருக்கும். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. உடல் பக்கவாட்டில் தட்டையாக, முதுகு வளைந்திருக்கும். தங்கள் ஊர்க் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பாசியைக் காலால் கிளறினால் தத்தித் துள்ளும் பூச்சிகளும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. பனியின் அடியில் அவை வாழும் தொலைவு வியப்பானது: 1977இல், அண்டார்க்டிகாவை ஒட்டிக் கடல்மேல் மிதக்கும் ராஸ் பனியடுக்கில் சுமார் 420 மீட்டர் தடிமனைத் துளைத்து, திறந்த கடலிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் அப்பால் இரை வைத்த பொறிகளை இறக்கியபோது, ஒளியே படாத அந்த நீரிலும் ஆம்பிபாடுகள் வந்து சிக்கின.

உறைவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கடல்நீர் உப்பின் காரணமாகச் சுமார் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸில்தான் உறைகிறது. இந்த உயிர்களின் உடல்நீரும் ஏறத்தாழ அதே அளவு உப்புச்செறிவு உடையது. ஆகவே கடல் உறையாதவரை அவையும் உறைவதில்லை. சிக்கல் மீன்களுக்குத்தான். அவற்றின் இரத்தத்தில் உப்பு குறைவாதலால் கடலுக்கு முன்பே உறைந்துவிட வேண்டியவை. அதைத் தடுக்கும் புரதம் ஒன்றை அங்குள்ள பல மீன்கள் தாமே சுரந்துகொள்கின்றன.

அவை பெரியவை என்பது உண்மைதான். அதற்குக் காரணமாகப் பலரும் குளிரையே சொல்வார்கள். குளிர் நேரடிக் காரணம் அன்று, அது நீரில் சேர்த்துவைக்கும் ஆக்சிஜனே காரணம் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பூஜ்ய டிகிரிக் கடல்நீர், நம் வெப்பக்கடலைப்போல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 1999இல் ஷாப்பெல், பெக் என்ற இரு ஆய்வாளர்கள் உலகின் 12 இடங்களைச் சேர்ந்த சுமார் 1,850 ஆம்பிபாட் இனங்களின் நீளத்தை ஒப்பிட்டு, ஓரிடத்தில் கிடைக்கும் மிகப்பெரிய இனத்தின் அளவு அங்குள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உயர்வதைக் காட்டினர். சைபீரியாவின் பைக்கால் ஏரி இதற்கு நல்ல சான்று. ஒரே வெப்பநிலையில் உப்புநீரைவிட நன்னீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும். அந்த ஏரியின் ஆம்பிபாடுகளும் அதற்கேற்ப, அதே குளிருள்ள கடலில் எதிர்பார்ப்பதைவிடப் பெரியவை.

ஆனால் அண்டார்க்டிகாவின் கடலில் எல்லாம் மெதுவாகவே நடக்கும். கிளிப்டோனோட்டஸ் என்ற, உள்ளங்கையளவு வளரும் ஐசோபாட்டின் (ஆம்பிபாடுக்கு உறவான உயிர்) தாய், கால்களுக்கிடையே உள்ள தகடுகளாலான பையில் முட்டைகளை ஓராண்டுக்கும் மேலாகச் சுமந்து திரிகிறது. பிறகு வெளிவருபவை நீரில் மிதந்தலையும் லார்வாக்கள் அல்ல. தாயின் சாயலிலேயே, கால் முளைத்த குட்டிகள்.

கேள்வி: அந்தக் கடலில் நண்டு பிடிக்கலாமா? (ஒரு வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: வலையோடு போனால் ஏமாந்து திரும்புவீர்கள். அண்டார்க்டிகாவை ஒட்டிய ஆழங்குறைந்த தரையில் நண்டுகள் அநேகமாக இல்லை. நண்டின் உடல்நீரில் மக்னீசியம் மிகுதி. கடுங்குளிரில் அது மயக்கமருந்துபோல் தசையைத் தளர்த்திவிடுகிறது என்பது ஒரு விளக்கம். மக்னீசியத்தைக் குறைவாக வைத்துக்கொள்ளும் இறால்கள் சில அங்கே நடமாடுகின்றன.

கேள்வி: இத்தனை சிறிய உயிர்களை எது தின்னும்? (அதே வாசகர்)

பதில்: வட துருவத்தின் பக்கம் வந்தால், திமிங்கலமே தின்னும். அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள பெரிங் கடலின் வடபகுதியில், சிரிக்கோவ் படுகையில் ஆம்பெலிஸ்கா இன ஆம்பிபாடுகள் சேற்றில் குழாய் கட்டி, பாய் விரித்ததுபோல் நெருங்கி வாழ்கின்றன. கோடையில் அங்கு வரும் சாம்பல் திமிங்கலம், தரையை ஒட்டி ஒருக்களித்துப் படுத்து, சேற்றோடு அவற்றை வாய்க்குள் உறிஞ்சி, நீரையும் மண்ணையும் வாயிலுள்ள சல்லடைத் தகடுகள் வழியே வெளியேற்றுகிறது. பெரும்பாலானவை வலப்பக்கமாகவே சாய்வதால், அந்தப் பக்கத்துத் தகடுகள் தேய்ந்து குட்டையாகியிருப்பதைக் காணலாம்.