நாற்காலியோடு நின்றுவிட்டால் எப்படி?

கே: பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பைக் கழிப்பு நாற்காலியில் உட்கார வைத்து கேலிச்சித்திரக்காரர் டோமியே வரைந்த 'கார்கான்துவா' (பிரெஞ்சுக் கதையில் வரும் பெருந்தீனி அரக்கனின் பெயர்) படத்தைப் பார்த்தேன். குமட்டுகிறது. இதற்கு ஆறு மாதச் சிறை கொடுத்ததில் என்ன தவறு? கேலிக்கும் ஒரு நாகரிகம் வேண்டாமா?
- வாசகர், கும்பகோணம்

ப: உங்கள் கண் நாற்காலியை விட்டு நகரவே இல்லை போலிருக்கிறது. கொஞ்சம் வலது பக்கம் பாருங்கள். கந்தல் உடுத்திய ஏழைகள் கூடையில் காசு போடுகிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு தாயும் அங்கே இருக்கிறாள். நிரம்பிய கூடைகளைச் சுமந்துகொண்டு குட்டிக் குட்டி ஆட்கள், நாக்கு மாதிரி நீண்டு கிடக்கும் பலகையில் ஏறிப்போய் மன்னர் வாயில் கொட்டுகிறார்கள். சிந்துகிற சில்லறைக்குப் பலகையின் அடியில் கோட்டுப் போட்ட கூட்டம் காத்திருக்கிறது. சரி, நாற்காலிக்குக் கீழே என்ன விழுகிறது? நீங்கள் பயந்தது இல்லை. பட்டம், பதக்கம், பதவி உத்தரவு. வரவு யாரிடம், செலவு யாருக்கு என்று ஒரே தாளில் போட்ட கணக்கு அது.

படம் வந்தது 1831 டிசம்பரில். அரண்மனைச் செலவுக்கு ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் இழுபறி நடந்துகொண்டிருந்த நேரம். முதலில் கேட்டது 1 கோடியே 80 லட்சம் ஃபிராங்க். படம் வருவதற்கு முந்தைய மாதம்தான் லியோன் நகரப் பட்டு நெசவாளர்கள் கூலி கேட்டுக் கிளர்ந்தார்கள். ராணுவம் போய் அடக்கியது. ஆண்டுக்கு 200 ஃபிராங்க் நேரடி வரி கட்டுகிறவருக்குத்தான் ஓட்டு. மூன்று கோடிக்கு மேல் மக்கள் இருந்த நாட்டில் அப்படிப்பட்டவர்கள் இரண்டு லட்சம் பேர்கூட இல்லை. கூடையில் காசு போட்ட அந்தத் தாய்க்கு ஓட்டு ஏது? நாகரிகம் பற்றிப் பேச வேண்டுமென்றால் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

இத்தனைக்கும், தணிக்கை இனி ஒருபோதும் வராது என்று 1830இல் அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்து அரியணை ஏறியவர் இந்த மன்னர். அடுத்த ஆண்டே கடையிலிருந்த படத்தைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. டோமியே அரசின் மீது வெறுப்பைத் தூண்டினார், மன்னரை அவமதித்தார் என்று வழக்கு. 1832 பிப்ரவரியில் தீர்ப்பு: ஆறு மாதம் சிறை, 500 ஃபிராங்க் அபராதம். உடனே உள்ளே தள்ளவில்லை. ஆள் அடங்கினாரா? இல்லை, மேலும் வரைந்தார். ஆகஸ்டில் சாந்த் பெலாஜி சிறைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அவருக்கு வயது 24.

அப்புறம் அந்த அரண்மனைச் செலவுத் தொகை என்ன ஆனது என்று கேட்பீர்கள். டோமியேவுக்குத் தண்டனை விழுந்த அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது: மன்னருக்கு 1 கோடியே 20 லட்சம். கேட்டதில் மூன்றில் ஒரு பங்கை நாடாளுமன்றமே வெட்டியிருந்தது. அவர்கள் யாரும் சிறைக்குப் போகவில்லை.