எடை குறைக்கும் ஊசி எனக்குச் சரிவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாரோ தந்த ஊசிப் பேனாவைப் பிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் கதை அதுதான்.

கிளிநொச்சியில் இருக்கிறேன். வயது 42, உயரம் 156 சென்ரிமீற்றர், நிறை 82 கிலோ. கிளினிக்கில் நிறை பார்க்கிறவர் அந்த 82ஐ வாசல் வரை கேட்கக் கத்திச் சொல்லுவார். ஊரில் பாதிப் பேருக்கு என் நிறை தெரியும். அந்தக் கோபத்தை இங்கே கொட்டக்கூடாது, சரி விடுங்கள்.

கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகன் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தபோது ஐஸ் பையில் சுற்றிய ஒசெம்பிக் பேனா ஒன்றைத் தந்தார். "போடு, ஒண்டும் செய்யாது. நான் பத்துக் கிலோ குறைஞ்சிட்டன்" என்றார். அம்மா அதை மீனோடு ஐஸ் பெட்டிக்குள் வைக்கப் போனா, ஓடிப்போய்ப் பறித்தேன். உறைந்தால் அந்த மருந்து உதவாது.

போடாமல் ஒரு டொக்டரிடம் கொண்டுபோனேன். ஒசெம்பிக் சீனி வருத்தத்துக்கு அனுமதிக்கப்பட்டது, அதில் இருக்கிற செமகுளுடைட் என்ற அதே மருந்துதான் வெகோவி என்ற பெயரில் நிறைக்கு வருகிறது என்று விளங்கப்படுத்தினார். கிலோவை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் எனக்கு 33.7, BMI என்கிறது இதைத்தான். வெகோவிக்கு 30 இருந்தால் போதும். பிறஷர், சீனி மாதிரி ஏதும் இருந்தால் 27. "அப்ப சரிதானே டொக்டர்?" என்றேன். அவர் எழுதுகிற பேனையை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். பிள்ளை பெறும் எண்ணம் உண்டா (இருந்தால் 2 மாதம் முன்பே நிறுத்தவேண்டும்), கணையத்தில் அழற்சி வந்ததா, பித்தப்பையில் கல்லா, இன்சுலின் போடுகிறீர்களா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை.

"குடும்பத்தில் யாருக்காவது தைரொயிட் புற்றுநோய்?"

பெரியம்மாவுக்குக் கழுத்தில் வெட்டினவை. போரில் மூடிக் கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்தபிறகு கொழும்புக்குக் கொண்டுபோய்ச் செய்தது. வெறும் கழலையா, புற்றுநோயா? மெடுல்லரி என்கிற அரிதான வகையென்றால் குடும்பத்தில் இறங்கலாமாம், அதில் ஏறக்குறைய நாலில் ஒன்று பரம்பரை. அப்படியானவர்களுக்கு இந்த ஊசி கூடாது. எலிகளில் கட்டி வந்தது, மனிதரில் நிரூபணமில்லை, ஆனாலும் கூடாது என்றார்.

அம்மாவிடம் கேட்டேன். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கா, பெரியாஸ்பத்திரிக்கா கொண்டுபோனது என்பதுகூட அவவுக்கு நினைவில்லை. "அந்த ஆஸ்பத்திரித் துண்டெல்லாம் காணி உறுதியோட ஒரே பையிலதான் பிள்ளை கிடந்தது." அந்தப் பை 2009இல் கடைசிச் சண்டைக்குள் மாத்தளனில் விட்டது. பெரியம்மாவும் அந்த வருடமே போய்விட்டா. வன்னியில் எத்தனை வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் துண்டு இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

டொக்டர் ஊசி எழுதவில்லை. நான் ஊசிக்கு எதிரி இல்லை, பலருக்கு வேலை செய்கிறது, நிறுத்தினால் நிறை திரும்ப ஏறுகிறது என்பதும் உண்மை. 'நடந்தால் குறையும்' என்று கீழே எழுத வருகிறவர்கள் தயவுசெய்து எழுதவேண்டாம், ஒவ்வொரு விடியலும் வாய்க்கால் கரையில் நடக்கிறேன். உங்களுக்குச் சொல்வது இதுதான்: நிறைக்கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம், அதற்கு முன் வீட்டில் பழைய ஆட்களிடம் கழுத்து வெட்டின கதை கேளுங்கள். பேனாவோடு டொக்டரிடம் போங்கள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. பெரியம்மா எனக்குப் பெரியம்மா, பேனா தந்த அண்ணாவுக்குத் தாய். போன் எடுத்துக் கேட்டேன், "உங்கட டொக்டர் இதைக் கேக்கேல்லையா?" "கேட்டவர், இல்லையெண்டு போட்டன். நான் 99இலயே வந்திட்டன், எனக்கென்ன தெரியும்" என்று எரிந்து விழுந்தார். மூன்று கிழமை கதைக்கவில்லை.

போன ஞாயிறு அம்மாவின் போனுக்கு எடுத்தார். அம்மா காதில் வைக்காமல் சத்தமாகப் போட்டிருந்தா. "சின்னம்மா, அம்மாவுக்குக் கழுத்தில என்னவாம் எண்டு சொன்னவை?"