பதில்: ஃப்ளட்டரில் வரிசையின் நடுவே தொட்டால் அசையவில்லை

வணக்கம். ஃப்ளட்டரில் (செயலிகள் எழுதும் கருவித்தொகுப்பு) நீங்கள் செய்த வரிசையில் பெயரைத் தொட்டால் அடுத்த திரை வருகிறது, வலப்பக்க அம்புக்குறியைத் தொட்டாலும் வருகிறது, நடுவே உள்ள வெற்றிடத்தில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள். உங்கள் ஆன்டேப் (தொட்டதும் இயங்கும் நிரல் பகுதி) சரியாகத்தான் இருக்கிறது. அதை மூன்று முறை மாற்றி எழுதியது பாவம், வீண் வேலை.

ஜெஸ்ச்சர் டிடெக்டர் என்பது தொடுதலைக் கவனிக்கும் விட்ஜெட், அதாவது திரையைக் கட்டும் ஒரு துண்டு. அதற்குள் ஒரு சைல்டு (உள்ளே வைத்த இன்னொரு விட்ஜெட்) இருந்தால், தொடுதல் பட்டதா இல்லையா என்பதை அது தானாக முடிவு செய்யாது, சைல்டிடம் விட்டுவிடும். நடுவில் இடைவெளிக்காக நீங்கள் வைத்த ஸ்பேசர் எதையும் வரைவதில்லை. அதனால் அங்கே விரல் பட்டாலும் படாத கணக்குத்தான். ஜெஸ்ச்சர் டிடெக்டரின் பிஹேவியர் என்ற அமைப்புக்கு ஹிட்டெஸ்ட்பிஹேவியர் ஒபேக் என்று கொடுங்கள், ஒரே வரி, முழு வரிசையும் தொடுதலை வாங்கிக்கொள்ளும். கன்டெய்னருக்கு (உள்ளடக்கத்தைச் சுற்றி வைக்கும் பெட்டி) வெள்ளை நிறம் கொடுத்ததும் எப்படியோ சரியானது என்றீர்களே, மாயம் எதுவும் இல்லை. நிறம் பூசிய பெட்டி தொடுதலைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம், இங்க்வெல் போட்டும் தொடும்போது பரவும் அலை தெரியவில்லை என்றீர்களே. இங்க்வெல்லும் தொடுதலைக் கவனிக்கும் விட்ஜெட்தான், கூடவே அலையும் காட்டும். அது தன் மேலேயே அலையை வரைவதில்லை, விட்ஜெட் மரத்தில் (விட்ஜெட்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய அமைப்பு) தனக்கு மேலே இருக்கும் மெட்டீரியல் என்ற பின்னணி விட்ஜெட்டின் மேல் வரைகிறது. இடையில் உங்கள் வெள்ளைக் கன்டெய்னர் அதை மறைத்துவிடுகிறது. நிறத்தை எடுத்து மெட்டீரியலுக்கே கொடுங்கள். இங்க்வெல் வெற்றிடத்தையும் பிடிக்கும் என்பதால் ஜெஸ்ச்சர் டிடெக்டரே தேவைப்படாது. நானாக இருந்தால் இந்த வழியில்தான் போவேன்.

வரிசையின் உயரம் 30 (லாஜிக்கல் பிக்சல்) என்று போட்டிருக்கிறீர்கள். கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு வழிகாட்டி கேட்பது குறைந்தது 48. கட்டைவிரலுக்கு 30 ரொம்பக் குறைவு.