பழங்குடிப் பெண்களும் காடும் கதையும்: கேள்வி பதில்

கேள்வி: பெண் மீதான ஒடுக்குமுறையும் இயற்கை மீதான சுரண்டலும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று பார்க்கும் 'சூழலியல் பெண்ணியம்' என்ற சொல் யாருடையது?

பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவாஸ் தோபோன், 1974.

கேள்வி: பெண்ணும் இயற்கையும் ஒன்று என்பதுதானே பழங்குடிப் பெண்களையும் காட்டையும் பற்றிய நாவல்களின் சாரம்?

இல்லை. அப்படிப் படித்தால் பாதிக் கதை கண்ணிலேயே படாது. அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் எர்ட்ரிச்சின் 'ட்ராக்ஸ்' (1988) நாவலைப் பாருங்கள். 1887இன் டாவ்ஸ் சட்டம் அமெரிக்கப் பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனிப் பட்டாவாகக் கூறுபோட வழிசெய்தது. பட்டாவுக்குப் பின்னால் வரி வந்தது, வரி கட்டாதவர் நிலம் மரக் கம்பெனிக்குப் போனது. நாவலில் ஒஜிப்வே என்ற பழங்குடியின் குடும்பங்கள் மரப்பட்டை உரித்து விற்றுக் காசு சேர்க்கிறார்கள். அந்தக் காசோடு எல்லோருக்கும் வரி கட்டப் போன தாயும் மகனும் தங்கள் நிலத்தை மட்டும் மீட்டுக்கொண்டு வருகிறார்கள். ஃப்ளர் என்ற பெண்ணின் ஏரிக்கரைக் காடு போய்விடுகிறது. சமூகம் என்பது இந்தத் துரோகத்தையும் உள்ளடக்கியதுதான்.

கடைசியில் மரம் வெட்டுகிறவர்கள் வருமுன்பே, ஃப்ளர் அடிமரங்களை ரகசியமாக அறுத்து வைத்திருக்கிறாள். அறுபடாத சிறு ஒட்டில் நிற்கின்றன மரங்கள். காற்று எழுந்ததும் ஆட்களைச் சுற்றிச் சரிகின்றன. காட்டை நேசித்தவளே அறுக்கிறாள்! 'இயற்கை அன்னை' என்ற சட்டகத்தில் இவளை எங்கே வைப்பீர்கள்?

கேள்வி: ஏற்க முடியாது. மரங்களைக் கட்டியணைத்து வெட்டவிடாமல் தடுத்த சிப்கோ இயக்கத்தின் பெண்கள் தாய்மை உணர்வால்தானே மரத்தைக் காத்தார்கள்?

1974 மார்ச்சில் இன்றைய உத்தராகண்டின் ரேணி கிராமத்தில் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து கௌரா தேவியோடு நின்ற பெண்களுக்கு விறகு, தீவனம், தண்ணீர் எல்லாமே காடுதான். 1970 அலக்நந்தா வெள்ளத்தையும் அந்த மலை மறந்திருக்கவில்லை. காட்டோடு பெண்ணுக்குள்ள உறவைத் தீர்மானிப்பது பிறப்பல்ல, வேலைப் பிரிவினையும் சொத்துரிமையும்தான் என்று பொருளியலாளர் பீனா அகர்வால் 1992இலேயே வாதிட்டார். தாய்மை என்று சொல்லிவிட்டால் பட்டா யார் பெயரில் என்ற கேள்வி செத்துப்போகிறது. என் கோபம் அதன்மேல்தான்.

கேள்வி: வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் 'வேட்டை' சிறுகதை?

அவசியம் படியுங்கள். சால் மரங்களை அடிமாட்டு விலைக்கு வெட்டிச் செல்பவன்தான் பழங்குடிப் பெண் மேரி ஓராவோனையும் துரத்துகிறான். பெண்கள் வேட்டையாடும் திருவிழா நாளில் அவனை அவள் வெட்டிக் கொல்கிறாள்.

கேள்வி: பெண்தானே பூமித்தாய்?

மேலே பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஆய்வேட்டுக்குத் தலைப்பு வேண்டும்.

உங்கள் நெறியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: அணைகளைப் பற்றி?

அமெரிக்க எழுத்தாளர் லிண்டா ஹோகனின் 'சோலார் ஸ்டார்ம்ஸ்' (1995) நாவல். கனடாவின் ஜேம்ஸ் விரிகுடா நீர்மின் திட்டம் பின்னணி. நான்கு தலைமுறைப் பெண்கள் படகில் வடக்கே போகிறார்கள், மூத்தவள் பிறந்த மண்ணில் சாக வேண்டும் என்று. ஆறுகளைத் திருப்பிவிட்டதால் கையிலிருக்கும் வரைபடம் பொருந்தாமல் போகும். அந்தப் பக்கங்களை மெதுவாகப் படியுங்கள்.