5 புள்ளிதானே என்று தள்ளிவிடாதீர்கள்

ஐரோப்பாவின் உயர்மட்டக் கூடைப்பந்துப் போட்டியான யூரோலீக்கில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 5 புள்ளி எடுக்கும் 19 வயதுப் பையனை, அமெரிக்கக் கல்லூரியில் 20 எடுப்பவனுக்குக் கீழே வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். யூரோலீக் பையன் முட்டி மோதுவது முப்பது வயது ஆட்களோடு; ஒரு தப்பு செய்தால் பெஞ்சுதான். முதலில் எத்தனை நிமிடம் ஆடுகிறான் என்று பாருங்கள். ரியல் மாட்ரிட்டில் லூக்கா டான்சிச் 2018இல் சுமார் 16 புள்ளிதான் எடுத்தார், ஆனால் யூரோலீக்கின் சிறந்த வீரர் அவர்தான். அப்படியும், என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மூன்றாவதாகத்தான் போனார்!

அப்புறம், யூரோலீக்கில் தடுப்பவர் எதிராளி யாரையும் காக்காமலே வளையத்தடியில் நின்றுகொள்ளலாம். என்பிஏவில் மூன்று விநாடிக்கு மேல் கூடாது. அந்த நெரிசலுக்குள் புகுந்து பந்தைப் போடும் கார்டுக்கு (பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவர்) என்பிஏவில் வழி இன்னும் திறக்கும். நீங்கள் எடைபோடும் பையன் சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமான வீரர்) என்றால் கதை தலைகீழ், பிளாக் (எதிராளி எறியும் பந்தைத் தட்டிவிடுவது) கணக்கைக் கொஞ்சம் குறைத்தே எடைபோடுங்கள்.

மூன்று புள்ளிக் கோடு யூரோலீக்கில் 6.75 மீட்டர், என்பிஏவில் நடுவில் 7.24. சதவீதத்தைவிட, கோட்டுக்கு அரை மீட்டர் பின்னால் நின்று எறிகிறானா என்பதே முக்கியம். ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும் தண்டனை எறிதல்) சதவீதத்தையும் பார்க்காமல் விடாதீர்கள்.

தனிப் பயிற்சி வீடியோவை மட்டும் நம்ப வேண்டாம். 2003 டிராஃப்டில் டெட்ராய்ட் அணி இரண்டாவதாக எடுத்தும் பிறகு சோபிக்காமல் போன டார்கோ மிலிசிச்சை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான கார்மெலோ அந்தோனி, ட்வைன் வேட் எல்லாம் அந்த டிராஃப்டில் அவருக்குப் பின்னால்தான்.